இரண்டாம் படி

“நிக்குமோ, நிக்காதோ? ஒண்டைச் சொல்லுங்கோ தங்கச்சி. பாட்டிலை ரெண்டையும் போட ஏலாது.”

சீவரத்தினம் மாஸ்ரர் பேனை மூடியைக் கடித்தபடி ஜெயந்தினியைப் பார்த்தார். கோப்பாயில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குப் புலம்பல் பாட்டு எழுதுவது அவர்தான். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், தந்தை புலம்பல் எல்லாம் அந்த ஒரு பேனையிலிருந்துதான் வரும். இறந்தவர் தபால் கந்தோரில் இருந்தாரா, தோட்டம் செய்தாரா, கடை வைத்திருந்தாரா என்று கேட்டு அதையும் பாட்டுக்குள் வைத்துவிடுவார். இந்த முறைதான் அவருக்கு இடறியது.

“முப்பது வருசமா எழுதுறன். இப்பிடி ஒரு தொழில் எனக்கு வாய்க்கேல்லை. பௌதிகம் எண்டினம், சரி. என்ன கண்டுபிடிச்சவர் எண்டு கேட்டால், இல்லாத ஒரு அண்டம் விழாதெண்டு கண்டுபிடிச்சவராம். இல்லாதது ஏன் மாஸ்ரர் விழப்போகுது எண்டு அச்சுக்கூடத்துப் பெடியன் என்னைக் கேக்கிறான்.”

“உமக்கு விளங்காட்டில் பேசாமல் எழுதும்,” என்றார் பரமலிங்கம். விறாந்தையில் கதிரையை யன்னலோரம் போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பத்தொரு வயது. மகன் பிரகலாதன் போய் அன்று இருபத்துமூன்றாம் நாள். “எனக்கும் விளங்காதுதான். ஆனா அவன் சொன்னது எனக்கு மனப்பாடம். ‘அப்பா, தாங்கிறதுக்கு ஒண்டுமில்லாமல் ஒரு அண்டம் தனிய நிக்குது. அது விழாதெண்டு நானும் ஜெயந்தினியும் கணக்காலை காட்டிப்போட்டம்.’ இவ்வளவுந்தான். போடும்.”

மகன் உயிரோடிருந்த காலத்தில் அந்தக் கிழவர் இப்படிக் கதைத்ததில்லை. “வெங்காயம் நட்டவனுக்கு ரெண்டு மாதத்திலை விளைச்சல் தெரியும். உவன் பதினொரு வருசமா என்னத்தை நட்டவன்?” என்றுதான் வேலியோரம் நின்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லுவார். செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் அனுதாபச் செய்தி வந்தது. அதை யாரோ வாசித்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு வசனத்தையும் சொல்லுகிறார்.

“பாட்டை வாசிக்கிறன், பிழையெண்டால் சொல்லுங்கோ,” என்று மாஸ்ரர் தொண்டையைச் செருமினார்.

“அண்டமொன்று வீழாதென் றளந்துசொன்ன என்மகனே
கண்டதெல்லாம் கனவாகக் கண்மூடிப் போனாயோ.”

பரமலிங்கம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். குசினி வாசலில் நின்ற அருந்ததி, பிரகலாதனின் மனைவி, தேத்தண்ணிப் பேணியை மேசையில் வைத்தாள்.

“அக்கா, சரிதானே? மாமா நூறு பேருக்குச் சொல்லிப்போட்டார். அச்சிலை வாறது. நீங்கள் ஒருக்கால் சொன்னால் காணும்.”

மூன்று பேரும் ஜெயந்தினியைப் பார்த்தார்கள்.

நான்கு நாளாக அவள் கைப்பைக்குள் மடித்த கடதாசி ஒன்று கிடந்தது. அதில் ஒரேயொரு எண் வட்டமிடப்பட்டிருந்தது. அது சொன்னது வேறு.

“ஓம்,” என்றாள் ஜெயந்தினி. “நிக்கும்.”

“அப்ப பிரச்சினை முடிஞ்சுது,” என்று மாஸ்ரர் பேனையை மூடினார்.

*

மானிப்பாய்க்குப் போகிற பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. ஐம்பத்துநான்கு வயதில் ஒரு கணித விரிவுரையாளர் இரண்டு எழுத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டு வருகிறாள். தேவாலயத்தில் முன்வரிசை வாங்கில் இருந்து வளர்ந்தவள். பொய்யென்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த எண் வந்த விதம்தான் அவளை ஆட்டி வைத்தது. பத்தொன்பதாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு, கம்பஸில் அவளுடைய அறையில், மின்னஞ்சல் பெட்டியில் பிரகலாதனின் பெயர். பொருள்: “ரெண்டாம் படி முடிஞ்சுது.” கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டாள். பிறகுதான் விளங்கியது. அவன் இறப்பதற்குச் சில நாள் முன் திணைக்களத்துக் கணினியில் ஒரு கணக்கை ஓட விட்டிருந்தான். முடிந்ததும் இரண்டு பேருக்கும் தானாகவே செய்தி அனுப்பச் சொல்லி வைத்திருந்தான். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அது மெல்ல மெல்ல ஓடி, அவன் போய்ப் பத்தொன்பதாம் நாள்தான் முடிந்திருந்தது.

அவர்கள் கணக்குப் போட்டது போன்ற ஒவ்வொரு அண்டத்துக்கும் பல படிகளில் நடுக்கம் உண்டு. வீணை நரம்பு ஒன்று அடிச்சுரத்திலும் அதிரும், அதற்கு மேலே மேலேயும் அதிரும், அதுபோல. அடிப்படியையும் முதலாம் படியையும் இருவருமாகத்தான் பார்த்தார்கள். ஒரு நடுக்கமும் எல்லையைத் தாண்டவில்லை. அதை வைத்துத்தான் கட்டுரை எழுதினார்கள். வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. எழுபதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை எடுத்துக்காட்டினார்கள்.

“ரெண்டாம் படியையும் பாப்பமோ?” என்று பிரகலாதன் அப்போதே கேட்டான்.

“என்னத்துக்கு? மேலை போகப் போகப் பாரம் கூடும். பாரம் கூடினது விழாது. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்.”

“எல்லாரும் செய்யினம்தான்.”

“பிறகென்ன? உமக்கு வேலையில்லையோ?”

சொன்னவள் அவள்தான். அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். விட்டுவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பிறகு அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. பாதித் தேத்தண்ணியோடு வந்து அவளுடைய அறை வாசலில் நின்றான்.

“ஜெயந்தினி, ரெண்டாம் படியைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும்.”

“ஐயோ பிரகலா, நூற்றிப்பத்து விடைத்தாள் கிடக்கு. திங்கள் கதைப்பம்.”

“ஓம் ஓம், அவசரமில்லை. நீர் திருத்தும்.”

ஞாயிறு காலையில் தகப்பனின் தோட்டத்துக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றப் போனவன் கத்தரிப் பாத்திக்குள் சரிந்துவிட்டான். மண்வெட்டி கையில் இருந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது.

என்ன கதைக்க வந்தான்? சந்தேகம் வந்ததென்று சொல்லவா? ஓட விட்டிருக்கிறேன், மன்னியும் என்று சொல்லவா? வீட்டுக்கு வந்தபின்னும் அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தானே இரண்டு முறை கையால் போட்டுப் பார்த்தாள். எண் மாறவில்லை. அந்த எண்ணைச் சொன்னால் உடனே “ஐயோ” என்று சொல்லக்கூடிய ஒரு மனிதன்தான் இந்தக் குடாநாட்டில் இருந்தான். அவனுக்குத்தான் இப்போது கல்வெட்டு அடிக்கிறார்கள்.

*

சஞ்சிகைக்கு எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. முடிவைத் திரும்பப் பெறுவதாகத் திருத்தக் குறிப்பு வெளியிடலாம். இரண்டு ஆசிரியர்களின் சம்மதமும் வேண்டும். இறந்தவருக்காக அவருடைய நெருங்கிய உறவினர் கையொப்பமிடலாம்.

இருபத்தெட்டாம் நாள் அந்தப் படிவத்தோடு கோப்பாய்க்குப் போனாள். அருந்ததி சாவகச்சேரி நீதிமன்றத்தில் எழுதுவினைஞர். லீவில் நின்றாள். விறாந்தை மேசைக்குக் கீழே கடதாசி சுற்றிய கட்டுகள் அடுக்கியிருந்தன.

“வந்திட்டுதோ?” என்று கேட்ட ஜெயந்தினியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“நேற்றே குடுத்திட்டாங்கள் அக்கா. இந்த மாதம் அவங்களுக்கு அஞ்சு கல்வெட்டாம். எங்கடையை முந்தி அடிச்சிட்டாங்கள். முந்நூற்றைம்பது. மாமா விடிய எழும்பி ஒண்டை எடுத்து வைச்சு வாசிச்சுக்கொண்டிருக்கிறார்.” அருந்ததி கட்டொன்றை இழுத்தாள். “படம் வடிவா வந்திருக்கு, பாருங்கோ.”

“அருந்ததி, இரும். ஒண்டு சொல்லவேணும். மாமா எங்கை?”

“பின்னாலை, கிணத்தடியிலை.”

ஜெயந்தினி கைப்பையைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“அது நிக்காது.”

“எது?”

“நாங்கள் நிக்குமெண்டு எழுதின அண்டம். விழும்.”

அருந்ததி கட்டின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“பிழை பிடிச்சது ஆர்? வெளிநாட்டுக்காரரோ?”

“இல்லை. அவர்தான். அவர் ஓட விட்ட கணக்குத்தான் சொன்னது. அவர் போனபிறகு முடிஞ்சது.”

“எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ அக்கா. அவரும் சொல்லுவார், நான் கறியைக் கிளறிக்கொண்டு ‘ஓம், ஓம்’ எண்டிட்டு விட்டிடுவன்.”

ஜெயந்தினி ஒரு மூச்சு விட்டுத் தொடங்கினாள்.

“உம்மடை வங்கி அட்டையிலை மினுங்கிற ஒட்டு ஒண்டு இருக்கெல்லோ? தட்டையா இருக்கும், சரிச்சுப் பாத்தால் உள்ளுக்கு ஆழம் தெரியும். நாங்கள் பாத்த அண்டமும் அப்பிடித்தான். உள்ளுக்கு நடக்கிறதெல்லாம் அதின்ரை ஓரத்திலை எழுதிக் கிடக்கும். ஓரத்தை வாசிச்சால் உள்ளுக்கு நிக்குதோ விழுதோ தெரியும். உப்பிடியான அண்டத்திலை ரெண்டு வகை இருக்கு. ஒரு வகையிலை ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு சோடி இருக்கும். மீச்சீர்மை எண்டு சொல்லுவம். சோடி இருந்தால் ஒண்டு தள்ள மற்றது இழுத்துப் பிடிக்கும். கணக்கே போடத் தேவையில்லை, நிக்கும். மற்ற வகைக்குச் சோடி இல்லை. அதைத் தாங்க ஆருமில்லை. தனியத்தான்…”

நிறுத்திவிட்டாள். எதிரே வெள்ளைச் சேலையில் இருப்பவளிடம் என்ன கதைக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அருந்ததி இலேசாகச் சிரித்தாள். “சொல்லுங்கோ அக்கா. நான் குறை நினைக்கேல்லை. சோடி இல்லாதது?”

“சோடி இல்லாததை ஒவ்வொரு நடுக்கமாப் பாக்கவேணும். இது தாங்குமோ, அது தாங்குமோ எண்டு. கொஞ்சம் சரிஞ்சால் பறவாயில்லை, அந்த வெளியின்ரை வளைவு தாங்கும். ஆனா அதுக்கொரு எல்லை இருக்கு. மறை, அதாவது சைபருக்குக் கீழை, ரெண்டு தசம் ரெண்டு அஞ்சு. அதுக்குக் கீழை ஒரேயொரு நடுக்கம் போனாலும் முழுக்க விழுந்திடும். நாங்கள் ரெண்டு படி பாத்தம். மூண்டாவதாப் பாக்கவேண்டியதை, ரெண்டாம் படி எண்டு சொல்லுறதை, பாக்கேல்லை. அவர் பாப்பமெண்டவர். நான்தான் வேண்டாமெண்டனான்.”

“நீங்களோ?”

“ஓம். நான்தான்.”

“அப்ப அவர் பதினொரு வருசம் ஞாயிற்றுக்கிழமையளையும் அதுக்குள்ளை கொண்டுபோய்ப் போட்டது?”

ஜெயந்தினி கைப்பைக்குள்ளிருந்து சஞ்சிகை அனுப்பியதை எடுத்து மேசையில் வைத்தாள். அருந்ததி படிவத்தை எடுத்து வாசித்தாள். நீதிமன்றத்தில் வாசிக்கிறமாதிரி மேலிருந்து கீழே, திகதியிலிருந்து அடிக்குறிப்புவரை.

“இது எப்ப தெரியும் உங்களுக்கு?”

“பத்தொன்பதாம் நாள்.”

“மாஸ்ரர் வந்தது இருபத்துமூண்டு.”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டுதான் ‘நிக்கும்’ எண்டு சொன்னனீங்களோ?” அருந்ததியின் குரல் உயரவில்லை. “அண்டைக்குச் சொல்லியிருந்தால் மாமா ஒரு நாள் அழுதுபோட்டு விட்டிருப்பார். இப்ப முந்நூற்றைம்பது அடிச்சுக் கிடக்கு. நான் தினமும் பாக்கிறனான் அக்கா, பிழையான வாக்குமூலம் குடுத்திட்டுப் பிறகு திருத்த வாற ஆக்களை. எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லுவினம். மனம் கேக்கேல்லை எண்டு. உங்களுக்கும் அதுதானே?”

“ஓம். வேறை சொல்ல என்னட்டை ஒண்டுமில்லை.”

பின்பக்கம் வாளி கிணற்றுக் கட்டில் இடிபடுகிற சத்தம் கேட்டது. அருந்ததி படிவத்தை மடித்துக் கல்வெட்டொன்றுக்குள் வைத்தாள்.

“இஞ்சை கிடக்கட்டும். போயிட்டு வாங்கோ. மாமாவுக்கு நான் சொல்லமாட்டன். பொய் சொன்னது நானில்லை.”

*

முப்பத்தோராம் நாள் காலையில் கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு முடித்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். முற்றத்துப் பந்தலில் பந்தி நடந்தது. ஜெயந்தினி தன் இலைக்கு முன்னால் இருந்தாள், ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கல்வெட்டுக்கென்று அவள் எழுதிக்கொடுத்த ஒரு பக்கம் பதினாறாம் பக்கத்தில் இருந்தது. அதில் நிற்கும் என்றும் இல்லை, விழும் என்றும் இல்லை. நல்ல மனிதர், பிந்திவரும் மாணவருக்கும் கதவு திறந்து வைத்திருப்பவர் என்று இருந்தது. அதைத் தந்தை புலம்பலுக்கு எதிர்ப்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள்.

கைகழுவிவிட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் பரமலிங்கம் வீதிப் படலையடியில் நின்று புத்தகம் கொடுத்தார். வெறுமனே கொடுக்கவில்லை. பதினேழாம் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தார்.

“இதைப் பாரும். வீழாதென்று அளந்துசொன்ன. வெளிநாட்டுக்காரர் எல்லாம் ஒத்துக்கொண்டது.”

“அப்பிடியோ அண்ணை? நாங்கள் உவர் சும்மா படிப்பிக்கிறார் எண்டெல்லோ நினைச்சம்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான். மடையன் நான்.” கிழவர் சிரிக்கப்போனார், வரவில்லை. ஜெயந்தினி வருவதைக் கண்டார். “இந்தா, கூடச் செய்த பிள்ளை வாறா. அவவைக் கேளும். பிள்ளை, நீர் சொல்லும், சரிதானே?”

புத்தகத்தை வாங்கியவர் ஒரு மரியாதைக்குக் காத்து நின்றார். பந்தலின் கீழே சாம்பாறு வாளியோடு நின்ற அருந்ததி இந்தப் பக்கம் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

“ஐயா, கொஞ்சம் இஞ்சாலை வாங்கோ,” என்றாள் ஜெயந்தினி.

“ஏன் பிள்ளை? இவைக்கு முன்னாலையே சொல்லும்.”

“அது நிக்காது ஐயா.”

“எது?”

“அந்த அண்டம். விழும். அண்டைக்கு மாஸ்ரருக்கு நான் சொன்னது பொய். எனக்கு அப்பவே தெரியும்.”

புத்தகம் வாங்கியவர், “சரி அண்ணை, நான் வாறன்,” என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். பரமலிங்கம் கையிலிருந்த மற்றப் புத்தகத்தைத் திறந்தார். பாட்டைப் பார்த்தார். மூடினார்.

“ஆர் சொன்னது விழுமெண்டு?”

“அவற்ரை கணக்குத்தான். அவரே ஓட விட்டது.”

“அவனுக்குத் தெரியுமோ?”

“அது முடிய முதல் போயிட்டார் ஐயா.”

“அப்ப நிக்குமெண்டு நினைச்சுக்கொண்டுதான் போனவனோ?”

இதற்கு ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கிழவர் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியாது ஐயா. ஏதோ சந்தேகம் இருந்திருக்கவேணும். வெள்ளிக்கிழமை என்னோடை கதைக்க வந்தவர். எனக்கு வேலையெண்டு சொல்லித் திங்கள் வரச்சொன்னனான்.”

“திங்கள்,” என்றார் பரமலிங்கம்.

“ஓம்.”

“என்னோடையும் சனிக்கிழமை வந்து நிண்டவன். கத்தரிக்குத் தண்ணி மாத்தவோ அப்பா எண்டான். நாளைக்கு மாத்து எண்டனான்.”

பந்தலில் இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள். யாரோ உப்புக் கேட்டார்கள். கிழவர் படலைத் தூணில் கையை வைத்தபடி காலடியில் கிடந்த கட்டைப் பார்த்தார்.

“இருநூறு பேருக்குக் குடுத்தாச்சே பிள்ளை.”

“என்ரை பிழைதான் ஐயா.”

கைகழுவிவிட்டு மூன்று பெண்கள் படலையடிக்கு வந்தார்கள். வெறுங்கையோடு அனுப்ப முடியாது. கிழவர் குனிந்து மூன்று புத்தகத்தை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். பக்கம் திறந்து காட்டவில்லை. அவர்களும் படத்தைப் பார்த்து, “பாவம், நல்ல பெடியன்,” என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள்.

அருந்ததி வாளியை வைத்துவிட்டு வந்தாள். கையில் ஒரு கல்வெட்டு.

“அக்கா, உங்கடை.”

ஜெயந்தினி விரித்துப் பார்த்தாள். நடுவில் படிவம். கீழே கோட்டுக்கு மேலே, எழுதுவினைஞரின் ஒழுங்கான எழுத்தில், “பிரகலாதனுக்காக, மனைவி அருந்ததி.” திகதி மூன்று நாள் முந்தியது.

“அண்டைக்கே வைச்சிட்டீரோ?”

“நீங்கள் படலை தாண்ட முதலே வைச்சிட்டன். அவர் போட்ட கணக்கு, அது சொன்னது வெளியிலை வரத்தானே வேணும். ஆனா மாமாவுக்கு நீங்கள் சொல்லுமட்டும் தாறதில்லையெண்டு இருந்தனான்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையா கண்ணீரா என்று ஜெயந்தினி பார்க்கவில்லை. “ஞாயிற்றுக்கிழமையள் எண்டு கேட்டனே, அது உங்களைக் கேட்டதில்லை அக்கா. அவரைக் கேட்டது.”

“தெரியும்.”

“சாப்பிட்ட மாதிரித் தெரியேல்லை. பாயசமாவது குடிச்சிட்டுப் போங்கோ.”

பாயசத்தைக் குடித்துவிட்டு அவள் படலையடிக்கு வந்தபோது பரமலிங்கம் கதிரையொன்றை எடுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மிச்சப் புத்தகங்கள்.

“போயிட்டு வாறன் ஐயா.”

“ஓம் பிள்ளை.” அவள் இரண்டடி வைத்திருப்பாள். “பிள்ளை, இஞ்சை நில்லும்.”

திரும்பினாள்.

“எவ்வளவாலை விழுந்தது?”

“என்ன ஐயா?”

“எல்லை ஒண்டு இருக்குமெல்லோ? அதுக்கு மேலை நிண்டால் நிக்கும், கீழை போனால் விழுமெண்டு. எவ்வளவு கீழை போனது?”

இத்தனை நாளில் அந்த எண்ணை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

“தசம் சைபர் ஆறு.”

“தசம் சைபர் ஆறு,” என்று அவர் திருப்பிச் சொன்னார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, நடுவே வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விரித்து, அந்த இடைவெளியைப் பார்த்தார்.

“கொஞ்சம்தானே பிள்ளை.”

“ஓம் ஐயா,” என்றாள் ஜெயந்தினி. “கொஞ்சம்தான்.”